வளர்பிறைத் தலைவி, தேய்பிறைத் தலைவி

திட்டுக்குப்பம்
12.11.78

தம்பி தேவதாசுக்கு அக்கா கோவிந்தம்மா எழுதுவது.

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு யாராவது சொல்லிக் கேட்டு என்னைத் திட்டாதே. உன்னை நான் ஆபீசர் ஆக்கிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கிணற்றடியில் முனியம்மா, "உன் தம்பி மெட்ராஸ்ல இன்னா வேலை செய்றான்?"னு கேட்டாள். டைப்பு அடிக்கிறான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டைப்பு ஆபீசர் என்று வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் டைப்பு உதிர்ந்துபோய் வெறும் ஆபீசர் ஆகிவிட்டாய். உனக்கு ஜீப்பு வேறு இருக்கிறது. ஜீப்பை நான் கொடுக்கவில்லை, அது இருசம்மாள் கொடுத்தது.

நாங்கள் சுகம். உன் மாமாவுக்கு முட்டிவலி, ஆனால் சீட்டாடும் இடம்வரை நடந்தால் வலிப்பதில்லை. உன் வீட்டுக்காரிக்குக் கருவாட்டு வாசனை பழகிவிட்டதா, இன்னும் முக்காடு போட்டுக்கொண்டுதான் பொட்டலத்தைப் பிரிக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே, உங்கள் ஆபீசுக்கு வெளிநாட்டு உதவி வருகிறது, பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்து மனுப் போட்டால் கொடுப்பார்கள் என்று. பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டோம். இன்ஜின் வைத்த படகு ஒன்று வேண்டும். வேறொன்றும் வேண்டாம். பொன்னுரங்கத்தின் படகை விட்டால் ஏரி தாண்டிப் பழவேற்காடு ஏலத்துக்குப் போக எங்களுக்கு வழி இல்லை. முதல் நடையில் கொண்டுபோய் இறக்கின தன் மீன் ஏலம் போகும்வரை எங்களை நடுத்தண்ணீரில் நிறுத்திவிட்டு, "இன்ஜின் சூடாயிடுச்சு"ன்னு பீடி பிடிப்பான். அவன் இன்ஜினுக்குத் தினமும் ஜுரம். நாங்கள் போய்ச் சேரும்போது பஷீர் பாய் கூடையைத் திறந்து பார்த்து, "கோவிந்தம்மா, உன் மீனுக்கு ஒடம்பு சரியில்லியே"ங்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூக்கு இருக்கிற மனுஷன்.

பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி குப்பம்மாளும் சேர்ந்திருக்கிறாள். வேவு பார்க்க வந்தாளோ, நிஜமாகவே வந்தாளோ, வாயைத் திறந்தால்தானே தெரியும். கட்டினவன் படகில் அவளுக்கும் கடைசி இடந்தான்.

தலைவி யார் என்பதில் மட்டும் மூன்று நாள் சண்டை. கடைசியில் முனியம்மா சொன்னாள், "ஆம்பளைங்க தண்ணிக்குப் பாடு வச்சிக்கிறாங்க இல்ல, நாம்ப தலைவிக்கு வச்சிக்கலாம்." பாடு என்றால் என்ன என்று மெட்ராஸ்காரனுக்கு மறந்திருக்கும். நல்ல தண்ணீர் எந்நாளும் ஒருத்தன் கையிலேயே இருக்கக்கூடாது என்று சீட்டுப் போட்டு வீட்டுக்கு வீடு முறை வைப்பார்களே, அதுதான். பெண்டுகளுக்கு அதில் பெயர் கிடையாது. புருஷன் செத்தால் முறையும் செத்தது, இருசம்மாளுக்கு ஆனதுபோல. நாங்கள் ஆளுக்கொரு கிளிஞ்சலில் அடையாளம் போட்டுக் கூடையில் குலுக்கி எடுத்தோம். வளர்பிறைக்கு ஒருத்தி, தேய்பிறைக்கு ஒருத்தி. யார் முறையோ அவள்தான் பன்னிரண்டு கூடைக்கும் சேர்த்து பஷீர் பாயிடம் விலை பேசுவாள். இப்போதே நடக்கிறது. அவர் பயந்துபோயிருக்கிறார்.

மனுத்தாளை அனுப்பு. குழந்தைக்கு ஒரு முத்தம், உனக்கு ஒரு குட்டு.

கோவிந்தம்மா

*

சென்னை
25.11.78

அன்புள்ள அக்காவுக்கு தேவதாஸ் வணக்கம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கு மூவரும் சௌகரியமாக இருக்கிறோம். குழந்தைக்குச் சளி குறைந்திருக்கிறது. மாமாவின் முட்டிக்குத் தைலம் வாங்கி அனுப்புகிறேன்.

என்னை ஆபீசர் என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்து. நான் இங்கே தற்காலிகத் தட்டச்சர்தான். யாராவது கேட்டால் அப்படியே சொல்.

மனுத்தாள் இத்துடன் இருக்கிறது. சங்கத்துக்குப் பெயர், விதிமுறை, தலைவி, உறுப்பினர் கையொப்பம் வேண்டும். டிசம்பரில் எங்கள் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். அவர் கண்டிப்பானவர், மரியாதையாகப் பேசு. தலைவி விஷயத்தில் பிறை கிறை என்று நீ எழுதியிருப்பதை வேடிக்கைக்கு எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவதாஸ்

*

திட்டுக்குப்பம்
20.12.78

தம்பிக்கு,

தைலம் வந்தது. உன் மாமா தடவிக்கொண்டு இன்னும் வேகமாகச் சீட்டாடப் போகிறார். மற்றபடி மழை, வெள்ளம், இறால், எல்லாம் சுகம்.

உன் ஆபீசர் வந்தார். தேய்பிறை, முனியம்மா முறை. பேன் பார்த்த தலையை நன்றாக வாரிக்கொண்டு, "நான்தாங்க தலைவி"ன்னு முன்னால் போய் நின்றாள். என்ன கேட்டாலும் ஆமாங்க என்றாள், "உங்களுக்கு இதெல்லாம் புரியுதா?"ன்னு கேட்டபோது மட்டும் இல்லீங்க என்றாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. நண்டு வறுவல் வைத்தோம். ஓட்டை உடைக்கத் தெரியாமல் சட்டையில் தெறித்துக்கொண்டார். படகு உண்டு என்றே சொன்னார், தம்பி! அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் யாரையும் திட்டவில்லை, எண்ணிப் பார்.

ஒரே ஒரு விஷயம். பழவேற்காட்டுக் கரையில் அவர் ஜீப்பைப் பார்த்த இருசம்மாள், "எங்க ஆபீசர் தேவதாசு ஜீப்பை நீங்க எடுத்துக்கினு வந்துட்டீங்களா?"ன்னு கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. உன்னை ஏதாவது கேட்டாரா? கேட்டிருந்தால் உன் அக்காவுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிடு, நான் ஒத்துக்கொள்கிறேன்.

கருவாடு அனுப்புகிறேன். முக்காடு எடுத்து வைக்கச் சொல்.

கோவிந்தம்மா

*

திட்டுக்குப்பம்
10.1.79

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜீப்பு விஷயத்தில் கோபமா? கோபத்தைப் பிறகு வைத்துக்கொள், இது அவசரம்.

உன் ஆபீசர் மறுபடி வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். வளர்பிறை, இருசம்மாள் முறை. புருஷன் போனதிலிருந்து அவளை எதற்கும் யாரும் முன்னால் நிற்கச் சொன்னதில்லை. குப்பம்மாள்தான் தன் நல்ல புடவையைக் கொண்டுவந்து அவளுக்குக் கட்டிவிட்டாள், வாய் திறக்காமல். இருசம்மாள் கைகூப்பிக்கொண்டு போய் நின்றாள்.

"தலைவியைக் கூப்பிடுங்கம்மா."

"நான்தாங்க."

"போன மாசம் அந்தம்மா இல்ல?"

"அது தேய்பிறைங்க."

ஆபீசருடன் வந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். ஆபீசர், "இன்னாம்மா, சங்கமா சர்க்கஸா? மாசத்துக்கு ஒருத்தியைக் காட்டி ஏமாத்தப் பாக்கறீங்களா?"ன்னு சத்தம் போட்டார். இருசம்மாள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் முன்னால் போய் பாடு இன்னது என்று சொன்னேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நண்டுச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். மரியாதையாகப் பேசு என்று நீ எழுதியிருந்தாய். அதனால் மரியாதையாக, "ஐயா, எங்க ஊர்ப் பையனே உங்க ஆபீசுல கீறான். அவனைக் கேளுங்க, அவன் சொல்லுவான்"னு சொன்னேன்.

கேட்பார் தம்பி. கேட்டால் சொல். எங்கள் ஊரில் முறை வைப்பது என்றால் திருட்டு இல்லை, திருட்டு நடக்காமல் இருக்கத்தான் என்று சொல். உனக்கு ஒரு வார்த்தை, எங்களுக்கு ஒரு படகு.

எல்லாரும் உன்னைத்தான் நம்பியிருக்கிறோம். நீ டைப்புதான் அடிக்கிறாய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அப்படியும் நம்புகிறார்கள்.

கோவிந்தம்மா

*

சென்னை
15.2.79

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி எழுதவும். குழந்தைக்குக் காதுவலி வந்து சரியாகிவிட்டது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், வேலை அதிகம். அதனால் பதில் எழுதத் தாமதம்.

மனு பரிசீலனையில் இருக்கிறது. எதற்கும் பெரிய நம்பிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனிமேல் கருவாடு ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பாதே.

தேவதாஸ்

*

திட்டுக்குப்பம்
12.3.79

தேவதாசுக்கு,

சுகம் எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். இருசம்மாள் நேற்று ஒரு கூடை கிழங்கான் மீனை மணலில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பொன்னுரங்கம் அன்றைக்கு இன்ஜினுக்கு ஜுரம் என்றுகூடச் சொல்லவில்லை. "போலிச் சங்கத்துக்கெல்லாம் படகுல எடமில்ல"ன்னு அவளைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனான். இதுதான் எங்கள் சுகம்.

உங்கள் ஆபீசிலிருந்து தாள் வந்தது. போலிச் சங்கம், மனுத் தள்ளுபடி. அதையாவது பொறுத்துக்கொள்வேன். உன் ஆபீசர் பொன்னுரங்கத்தின் வீட்டில் சாப்பிட்டாராம். அவன் புதிதாக ஒரு மாதர் சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். குப்பம்மாள் நிரந்தரத் தலைவி, மூன்று வருஷத்துக்கு. மீதிப் பேர் அவன் தங்கை, மச்சினி, இன்னும் பால்குடி மறக்காத ஒரு மருமகள். அது போலி இல்லை! படகு அவர்களுக்காம். ஏரியில் இருக்கிற ஒரு படகில் எங்களை நாறடித்தவன் இரண்டாவது படகிலும் நாறடிக்கப்போகிறான். பக்கவாட்டில் 'மாதர் முன்னேற்றம்' என்று பெயின்ட் அடித்துக்கொள்வான்.

அதையும் பொறுப்பேன். பொறுக்காதது ஒன்று இருக்கிறது. தாள் வந்த அன்றைக்கு நடு ஏரியில், பன்னிரண்டு பேர் முன்னால், பொன்னுரங்கம் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஒன் தம்பியையே கேட்டாராம், கோவிந்தம்மா. எங்க ஊர்ல அப்டி ஒரு வயக்கமே கெடையாதுன்னு சொல்லிட்டானாம். நீ எதுக்கு இன்னும் கத்துற?"

நான் அவனைப் பொய்யன் என்றேன். உன் பேரில் சத்தியம் செய்தேன். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நீ பிப்ரவரியில் எழுதின கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆபீசர் உன்னைக் கேட்டாரா, கேட்கவில்லையா என்று அதில் ஒரு வரி இல்லை. காதுவலி இருக்கிறது.

கேட்டாரா? நீ இன்னா சொன்னாய்? அதை மட்டும் எழுது. தைலம், சளி ஒன்றும் வேண்டாம்.

கோவிந்தம்மா

*

சென்னை
2.4.79

அக்காவுக்கு,

கேட்டார். மேனேஜர், கணக்கர், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஏற்கெனவே ஜீப் விஷயத்தைச் சொல்லி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாக என்னை 'ஆபீசர் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். "உங்கள் ஊரில் பெண்களுக்கு இப்படி முறை வைக்கும் வழக்கம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. பாடு ஆண்களுக்குத்தான். பெண்களுக்குக் கிடையாது. அது உனக்கும் தெரியும்.

என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

தேவதாஸ்

*

திட்டுக்குப்பம்
9.4.79

தேவதாசுக்கு,

நீ சொன்னது பொய் இல்லை. சரிதான். பெண்டுகளுக்குப் பாடு கிடையாது. கிடையாது என்பதால்தானே நாங்கள் உண்டாக்கினோம்? நேற்றுப் பிறந்த குழந்தையைக் காட்டி இது போன வருஷம் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பாயா? அதுவும் பொய் இல்லை. குழந்தையைத்தான் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஆபீசர் என்று சொல்லி உன்னை நாலு பேர் சிரிக்கும்படி வைத்தேன். அது என் தப்பு. அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நீ இருசம்மாளை அறைந்தாய். உனக்குப் பின்னால் நாலு பேர் சிரித்தது கேட்டது. அவள் முன்னால் நின்று சிரித்தார்களே, அது கேட்கவில்லை.

முறையை நாங்கள் நிறுத்தவில்லை, தெரிந்துகொள். படகு இல்லாவிட்டாலும் தலைவி உண்டு. பொன்னுரங்கம் எங்களை ஏற்றாவிட்டால் கழி ஊன்றித் தள்ளும் சின்னப் படகில் பாதிப் பாதியாகப் போகிறோம், போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருக்கிறது, மிச்ச விலைக்குக் கொடுக்கிறோம். அப்படியும் விலை பேசுவது யார் முறையோ அவள்தான். குப்பம்மாள் முறை வந்தபோது அவளும் வந்தாள். வீட்டில் என்ன நடந்ததோ, கன்னம் வீங்கியிருந்தது. பஷீர் பாயிடம் விலை பேசினாள். பொன்னுரங்கத்தின் நிரந்தரத் தலைவி எங்களுக்குப் பதினைந்து நாள் தலைவியாக இருந்தாள்.

வேலை நிரந்தரம் ஆனால் சொல்லி அனுப்பு. இனி நானாக எழுதமாட்டேன்.

கோவிந்தம்மா

*

சென்னை
22.6.79

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதமாட்டாய் என்பதால் நான் எழுதுகிறேன். குழந்தை நன்றாக நடக்கிறாள். மாமாவின் முட்டி எப்படி?

உதவி அனுப்பும் நாட்டிலிருந்து ஒரு அம்மையார் வருகிறார். ஜூலை 4ஆம் தேதி உங்கள் கரையில் படகை ஒப்படைப்பார்கள். ஆபீசரும் வருவார். எனக்கு லீவு கிடைக்காது.

என் மேஜையை இப்போது பின்பக்கம் கோடவுனுக்கு மாற்றியிருக்கிறார்கள். பால்பவுடர் மூட்டைகளுக்கு ரசீது எழுதும் வேலை. காற்று நன்றாக வருகிறது. அங்கே யாரும் வருவதில்லை, அதனால் வாசனை பற்றிய பிரச்சினையும் இல்லை.

ஜூலை 4 வளர்பிறை. காலண்டரில் பார்த்தேன்.

தேவதாஸ்

*

திட்டுக்குப்பம்
7.7.79

தேவதாசுக்கு அக்கா எழுதுவது.

முட்டி அப்படியே இருக்கிறது. நானும் இருக்கிறேன். உன்மேல் இருக்கிற கோபமும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாலாம் தேதி கரையில் பந்தல், மைக். பொன்னுரங்கம் சலவை வேட்டி கட்டி, அந்த அம்மாவுக்கு ஒரு மாலை, ஆபீசருக்கு ஒரு மாலை, தனக்கென்று ஒரு மாலை வாங்கி வைத்திருந்தான். எங்களைப் பந்தலுக்குள் விடவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றோம். ஏதாவது பேசினால் ஊரை விட்டுத் தள்ளிவைப்போம் என்று பெரியவர்கள் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்துவிட்டது.

அந்த அம்மா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து ஏதோ கேட்டாள். ஆபீசர், "சங்கத்தோட தலைவி யாரு, முன்னால வாங்க"ன்னார். பொன்னுரங்கம் குப்பம்மாளை முதுகில் தள்ளினான். குப்பம்மாள் இரண்டு எட்டு வந்து நின்றாள். அந்த அம்மா சாவியை நீட்டினாள்.

"நான் இல்லீங்க"ன்னாள் குப்பம்மாள். மைக்கு பக்கத்திலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது. "இன்னிக்கு வளர்பிறை. இருசம்மா முறை. தோ, கயித்துக்கு அந்தாண்ட நிக்கிறா பாருங்க, அவதான் தலைவி."

தம்பி, பஷீர் பாயிடம் விலை பேசினதைத் தவிர எட்டு மாசமாக அவள் வாயில் நான் கேட்டதே அவ்வளவுதான்.

பொன்னுரங்கம், "பைத்தியம், பைத்தியம்"ன்னு கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை உதறிவிட்டு, கயிற்றைத் தூக்கி இருசம்மாளை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா ஆபீசரைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் வேர்வையைத் துடைத்தார். பிறகு அவளிடம் இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். இன்னா சொன்னாரு என்று பஷீர் பாயைக் கேட்டேன், அவருக்குக் கொஞ்சம் தெரியும். "இங்க பொம்பளைங்களே புதுசா வச்ச முறைன்னு எங்க டைப்பிஸ்ட் ஒருத்தன் ரெண்டு மாசம் முன்னாடியே வந்து சொன்னான், நான்தான் நம்பலைன்னு சொல்றாரு"ன்னார்.

சாவி இருசம்மாள் கையில் இருக்கிறது. பத்திரத்தை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் எங்களுக்கு அபராதம் போடப்போகிறதாம். குப்பம்மாள் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். பொன்னுரங்கம் வாசலில் வந்து கத்தினான், உன் மாமா முட்டிவலியோடு எழுந்து போய் அவனைத் துரத்தினார்.

உன் மேஜை கோடவுனுக்கு ஏன் போயிற்று என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதாதே. ஜனவரியில் சொல்லவேண்டியதை மே மாசத்தில் சொன்னதற்குப் பாதி நல்ல பேர்தான். அந்தப் பாதிக்கு ஒரு பொட்டலம் வாளைக் கருவாடு அனுப்பியிருக்கிறேன், ஆபீஸ் விலாசத்துக்கே. மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்.

இன்னொன்று. படகை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த அம்மா ஆபீசரையும் கூட்டிக்கொண்டு எங்களோடு ஏறினாள். பொன்னுரங்கத்துக்கும் அவன் மகனுக்கும்தான் இன்ஜின் தெரியும், இரண்டு பேரும் வரவில்லை. முனியம்மா இன்ஜின் கயிற்றை இழுத்தாள், கிளம்பிவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. ஆடி வரப்போகிறது, ஏரியில் தண்ணீர் இல்லை, நடுவில் சேற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. யாராவது இறங்கித் தள்ள வேண்டும். யார் இறங்குவது என்று கிளிஞ்சல்களைக் கூடையில் போட்டோம். அந்த அம்மா தன் மோதிரத்தைப் போட்டாள். ஆபீசர் பேனா மூடியைப் போட்டார். குலுக்கி எடுத்தோம். பேனா மூடி வந்தது. ஆபீசர் இறங்கித் தள்ளினார். படகு நகர்ந்தது. அவருடைய ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. தேடினோம், நண்டு கிடைத்தது.

கோவிந்தம்மா